எந்த மூடி எந்தச் சம்புடத்துக்கு?

சமையலறைத் தரையில் மூன்று வயதுக் குழந்தை நான்கைந்து சம்புடங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, எந்த மூடி எதற்குப் பொருந்தும் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறது. பெரிய மூடி சிறிய சம்புடத்தின் மேல் நிற்காமல் ஆடுகிறது. சிறிய மூடி பெரிய சம்புடத்துக்குள் விழுந்துவிடுகிறது. விழுந்ததை எடுத்து, மறுபடியும் அதே சம்புடத்துக்குள் போட்டுப் பார்க்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும் நமக்குக் கை பரபரக்கிறது. சரியான மூடியை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. அதைக் கொடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, உளவியல் ஆய்வாளர்கள் செய்த சில எளிய சோதனைகள் நல்ல விடை தருகின்றன.

அமெரிக்காவில் லாரா ஷுல்ஸ், எலிசபெத் போனாவிட்ஸ் ஆகிய இருவரும் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளுக்கு இரண்டு நெம்புகோல்கள் கொண்ட ஒரு பெட்டியைக் காட்டினார்கள். நெம்புகோலை அழுத்தினால் பெட்டிக்குள்ளிருந்து பொம்மை எழும். சில குழந்தைகளுக்கு நெம்புகோல்கள் ஒவ்வொன்றாக அழுத்தப்பட்டன. எது எந்தப் பொம்மையை எழுப்புகிறது என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வேறு சிலருக்கோ இரண்டும் ஒரே நேரத்தில் அழுத்தப்பட்டு, இரண்டு பொம்மைகளும் சேர்ந்தே எழுந்தன. அதன்பின் பழைய பெட்டியோடு புதிய பெட்டி ஒன்றையும் முன்னால் வைத்து, விருப்பம்போல் விளையாட விட்டார்கள். விடை தெரிந்த குழந்தைகள் பெரும்பாலும் புதிய பெட்டியை நாடினார்கள். விடை தெரியாதவர்களோ, புதியது பக்கத்திலேயே இருந்தும், பழைய பெட்டியிடமே நெடுநேரம் தங்கினார்கள். குழந்தையைப் பிடித்து நிறுத்துவது பொருளின் புதுமை மட்டுமன்று, தனக்கு இன்னும் விளங்காத ஏதோ ஒன்று அதில் இருக்கிறது என்பதும்தான் என்பதை இச்சோதனை காட்டியது. மூடி ஏன் உள்ளே விழுகிறது என்பது விளங்கும் வரை அதை மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்கும் குழந்தையும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

இதே ஆய்வாளர்கள் 2011-இல், வேறு சிலரோடு சேர்ந்து, இன்னொரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். குழாய்களால் செய்த ஒரு விளையாட்டுப் பொருளில் நான்கு இரகசியங்களை ஒளித்து வைத்தார்கள்: ஒன்றை இழுத்தால் கீச்சென்று ஒலிக்கும், ஒன்றில் விளக்கு எரியும், ஒன்று இசைக்கும், ஒன்றுக்குள் கண்ணாடி இருக்கும். சில குழந்தைகளிடம், "இது எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிறேன், பார்" என்று சொல்லிக் கீச்சொலியை மட்டும் காட்டினார்கள். வேறு சிலருக்கு அதே ஒலி தற்செயலாக வந்ததுபோல் நடித்தார்கள். சொல்லிக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் கீச்சொலியையே திரும்பத் திரும்ப எழுப்பிவிட்டு, விரைவில் பொருளைக் கீழே வைத்தார்கள். மற்றவர்கள் அதிக நேரம் விளையாடி, அதிக இரகசியங்களைக் கண்டுபிடித்தார்கள். தெரிந்தவர் காட்டித் தருகிறார் என்றால், வேறு ஏதேனும் இருந்திருந்தால் அதையும் காட்டியிருப்பார் என்று குழந்தை முடிவு செய்துவிடுகிறது. ஒரு வகையில் இது முற்றிலும் நியாயமான கணிப்பே. ஆகவே மூடியை நாம் எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

ஆனால் எல்லாவற்றையும் இப்படி விட்டுவிட முடியாது. மூடியின் அளவை மூடியே சொல்லிவிடும். ஏழு என்ற சொல் ஆறுக்குப் பின் வருகிறது என்பதை எந்தப் பொருளும் தானாகச் சொல்லாது, பெரியவர் வாயிலிருந்துதான் அது வர வேண்டும். கீதா ராமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த குழந்தைகள், 1 முதல் 10 வரை எண்கள் எழுதிய நேர்வரிசைக் கட்டங்களில் காய் நகர்த்தி, இரண்டு வாரங்களுக்குள் மொத்தம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் விளையாடினார்கள். எண்ணுதல், எண்ணுருக்களை அடையாளம் காணுதல், இரண்டில் எது பெரியது என்று சொல்லுதல், எண் கோட்டில் இடம் குறித்தல் ஆகிய நான்கிலும் அவர்கள் முன்னேறினார்கள். 9 வாரங்களுக்குப் பிறகும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதிலாக வெறும் நிறங்கள் கொண்ட பலகையில் விளையாடிய குழந்தைகளிடம் இந்த மாற்றம் இல்லை.

இதை வீட்டில் செய்வதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. தரையில் சுண்ணக்கட்டியால் பத்துக் கட்டங்களை நேராக வரைந்து எண்களை எழுதலாம். தாயம் ஆடுவதற்குச் செய்வதுபோல் ஒரு புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்து வெளுக்கவைத்து, வெள்ளை விழுந்தால் ஒன்று, கறுப்பு விழுந்தால் இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். (கையில் கிடைத்ததை வாயில் போடும் வயதுக் குழந்தை அருகில் இருந்தால் புளியங்கொட்டை கூடாது.) நகர்த்தும் முறையில் மட்டும் கவனம் வேண்டும்: மூன்றில் இருக்கும் காய்க்கு இரண்டு விழுந்தால், குழந்தை "ஒன்று, இரண்டு" என்று எண்ணாமல், கட்டத்தில் உள்ள எண்ணைப் பார்த்து "நான்கு, ஐந்து" என்று சொல்லி நகர்த்த வேண்டும். எண் பெரிதாகப் பெரிதாக, காய் கடந்த தூரமும், கை அசைந்த அளவும், வாய் உச்சரித்த சொற்களின் தொகையும், அதற்கு ஆன நேரமும் சேர்ந்தே வளர்வதால், எட்டு என்பது மூன்றைவிட எவ்வளவு பெரியது என்பதைக் குழந்தை தன் உடம்பாலேயே உணர்ந்துகொள்கிறது. வட்டமாக அமைத்த கட்டங்கள் இந்த அளவுக்குப் பயன் தரவில்லை என்பதையும் இதே ஆய்வாளர்கள் பின்னர் கண்டார்கள்.

சொப்பு வைத்து விளையாடுவதில் பெரியவருக்கு மூன்றாவது வகையான இடம் ஒன்று உண்டு. அங்கே அவர் வெறுமனே பார்த்திருப்பவரும் அல்லர், கற்பிப்பவரும் அல்லர், விருந்தாளி. ஆலன் லெஸ்லி என்ற உளவியலாளர், இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளோடு பாவனைத் தேநீர் விருந்து ஒன்றை நடத்தினார். வெற்றுக் கோப்பைகளில் தேநீர் ஊற்றுவதுபோல் பாவித்தபின், ஒரு கோப்பையைக் கவிழ்த்துக் காட்டி, எது நிறைந்திருக்கிறது, எது காலி என்று கேட்டார். உண்மையில் இரண்டுமே காலிதான். ஆனாலும் குழந்தைகள் கவிழ்த்த கோப்பையைத்தான் காலி என்றார்கள். கண் காண்பதை மறக்காமலே, அதற்குப் பக்கத்தில் இன்னோர் உலகத்தை அமைத்து, அதற்குள்ளும் காரண காரியம் பிசகாமல் கணக்கிட அந்த வயதுக்கு முடிகிறது. அதனால்தான் குழந்தை நீட்டும் வெற்றுத் தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "காப்பியில் சர்க்கரை கொஞ்சம் குறைகிறதே" என்று நாம் சொன்னால், அது சிரித்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இல்லாத டப்பாவைத் திறந்து, இல்லாத சர்க்கரையை அள்ளிப் போட்டு, மறக்காமல் கலக்கியும் கொண்டுவருகிறது.