கடைமடை வரை விண்டோஸ்

போன தீபாவளிக்கு மன்னார்குடி வந்த என் தங்கை மகள், புது மேக்புக் ஏரை மடியில் வைத்துக்கொண்டு முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். சி.ஏ. படிக்கிறாள், திருவாரூரில் ஓர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப். "மாமா, இதுல டேலி ஏறாதாமே? கடையில பேரலல்ஸ் வாங்கிக்கங்கன்னு சொல்றாங்க. எங்க சீனியர் அக்கா, ஃபியூஷன் சும்மாவே கிடைக்குது, அதைப் போடுங்கிறாங்க. எது மாமா நல்லது?"

"அது இருக்கட்டும். இந்த லேப்டாப்புல நீ என்னென்ன செருகுவே?" என்று கேட்டேன்.

டேலி விண்டோஸில் ஓடும் கணக்கு மென்பொருள்; பேரலல்ஸும் ஃபியூஷனும் மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் மெய்நிகர் இயந்திர மென்பொருள்கள். இதில் செருகுவதைப் பற்றிக் கேட்டது சம்பந்தமில்லாத கேள்வி என்று அவளுக்குப் பட்டது. எனக்கு அதுதான் முதல் கேள்வி. மேட்டூர் அணை திறந்தாகிவிட்டது என்ற செய்தியைக் கேட்டு நம் ஊர்க் கடைமடைக்காரர் யாரும் நிம்மதியாகப் படுத்துவிடுவதில்லை. தண்ணீர் கல்லணை வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு என்னும் பிரிவு மதகில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக நகர்ந்து, அவர் வயல் மடையை நனைக்க வேண்டும். மேக்கில் விண்டோஸ் ஓட்டுவதும் இதே கதை. திரையில் விண்டோஸ் வந்து நிற்பது தலைமடை. பில் அடிக்கும் பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், செருகினால்தான் மென்பொருள் திறக்கும் என்று பழைய மென்பொருளோடு வந்த யுஎஸ்பி லாக், இவையெல்லாம் கடைமடை. எனக்குத் தெரிந்து பணத்தை விட்டவர்கள் எல்லாரும் தலைமடையை மட்டும் பார்த்துவிட்டு வாங்கியவர்கள்.

சிக்கலின் வேர் பிராசஸரில் இருக்கிறது. எந்த மென்பொருளும் கடைசியில் பிராசஸருக்குப் புரியும் எண்வடிவ ஆணைகளாகத்தான் கணினிக்குள் கிடக்கிறது. இன்டெல், ஏஎம்டி சில்லுகளின் ஆணை மொழி எக்ஸ்86. 2020 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட எம்1 முதல் அடுத்தடுத்து வந்த எம் வரிசைச் சில்லுகளின் மொழி ஆர்ம். இரண்டுக்கும் இலக்கணமே வேறு. எக்ஸ்86-இல் ஓர் ஆணை 1 பைட்டிலும் முடியும், 15 பைட் வரையும் நீளும். 64 பிட் ஆர்மில் எல்லா ஆணையும் சரியாக 4 பைட். கணக்குப் போடும்போது எண்களைக் கைவசம் வைத்துக்கொள்ளும் பொது ரிஜிஸ்டர்கள் 64 பிட் எக்ஸ்86-இல் 16, ஆர்மில் 31. இன்டெலுக்கென்று செய்த டேலியை எம் சில்லிடம் அப்படியே நீட்டினால் ஒரு வரிகூட அதற்கு விளங்காது.

2006-இல் தொடங்கி ஏறக்குறைய 15 ஆண்டுகள் மேக்கிலும் இன்டெல் சில்லுதான் இருந்தது. அப்போது ஆப்பிளே கொடுத்த பூட் கேம்பை வைத்து டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து விண்டோஸை நேராக ஏற்றிவிடலாம். அந்தக் காலத்து யோசனை இன்னும் வாய்வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எம் சில்லு மேக்கில் பூட் கேம்ப் கிடையாது.

சரி, மெய்நிகர் இயந்திரம் என்பது என்ன? இதை எழுத எனக்கு ஆசை வந்ததே அதன் அழகினால்தான்.

எந்த இயங்குதளமும், இந்தக் கணினிக்குத் தானே முதலாளி என்ற எண்ணத்தோடு எழுதப்பட்டது. மெமரி முழுக்கத் தன்னுடையது, டிஸ்க் தன்னுடையது, எந்த நிரல் எப்போது ஓடலாம் என்பதும் தன் முடிவு. மேக்ஓஎஸ் ஏற்கெனவே முதலாளியாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் விண்டோஸையும் முதலாளி என்று நம்பவைக்க வேண்டும். அந்த நம்பிக்கையைக் கட்டிக்காப்பதுதான் ஹைப்பர்வைசரின் வேலை. தலைப்பில் ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கரை நினைத்துக்கொள்ளுங்கள். வயலில் நிற்பவருக்குத் தன் வாய்க்காலில் வரும் தண்ணீர்தான் தெரியும். ஷட்டர் எத்தனை அடி தூக்கியிருக்கிறது, பக்கத்து ஆற்றுக்கு எவ்வளவு போகிறது என்பது லஸ்கருக்குத் தெரியும்.

இதற்காக ஆர்ம் சில்லில் அதிகாரம் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கிறது. சாதாரண நிரல்களுக்கு 0-ஆம் அடுக்கு, இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவுக்கு 1, ஹைப்பர்வைசருக்கு 2. விண்டோஸின் கரு 1-ஆம் அடுக்கில் ஓடுகிறது. அதற்கு மேலே ஓர் அடுக்கு இருப்பது அதன் வேலைக்குக் குறுக்கே வருவதில்லை. கூட்டல், கழித்தல், எழுத்தைத் தேடுவது, வரிசைப்படுத்துவது எல்லாம் இடையில் யாரும் இல்லாமல் நேராகச் சில்லிலேயே நடக்கும். மெய்நிகர் விண்டோஸ் வேகமாக ஓடுவதன் ரகசியம் இதுதான். வன்பொருளைத் தொடும் வேலை வந்தால் மட்டும், உதாரணமாக டிஸ்க்கில் ஒரு பக்கத்தைப் படி என்று விண்டோஸ் ஆணையிட்டால், சில்லு தானாகவே விண்டோஸை நிறுத்திப் பொறுப்பை 2-ஆம் அடுக்குக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். கேட்ட பக்கத்தை மேக் வழியாக எடுத்துக் கொடுத்து, விட்ட இடத்திலிருந்து விண்டோஸை ஹைப்பர்வைசர் ஓடவிடும். டிஸ்க் பதில் சொன்னது என்று விண்டோஸ் நினைக்கும். உண்மையில் அது படித்தது மேக்கின் ஒரு ஃபோல்டரில் கிடக்கும் ஒரு கோப்பை.

மெமரிக்கும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. கிராமக் கணக்கில் பழைய சர்வே எண்ணுக்குப் புது எண் எது என்று காட்டும் பதிவேடு இருக்கிறதல்லவா? விண்டோஸ் சொல்லும் மெமரி முகவரி பழைய எண். அதற்குரிய உண்மையான இடம் எது என்று சில்லே இரண்டாவதாக ஒரு பதிவேட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளும். விண்டோஸ் தன் எல்லையைத் தாண்டி மேக்கின் மெமரியில் கால் வைக்க வழியே இல்லை.

இந்த யோசனை புதிதல்ல. 1960-களில் ஐபிஎம் தன் பெரிய கணினிகளில் செய்து பார்த்தது. இப்படிப் பங்கிட ஒரு சில்லுக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை 1974-இல் ஜெரால்ட் போபெக்கும் ராபர்ட் கோல்ட்பர்க்கும் வரையறுத்தார்கள்: முதலாளித்தனம் காட்டும் ஒவ்வோர் ஆணையும் மேலே தகவல் சொல்லிவிட்டுத்தான் நடக்க வேண்டும். பழைய இன்டெல் சில்லுகளில் 17 ஆணைகள் இதற்கு அடங்காமல் சத்தமில்லாமல் வேறு விதமாக நடந்துகொண்டன. 1998-இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம், அப்படிப்பட்ட ஆணைகளை ஓடும்போதே கண்டுபிடித்து மாற்றி எழுதிச் சமாளித்தது. 2005-இல்தான் இன்டெல் சில்லிலேயே அதற்கு இடம் ஒதுக்கியது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தலைப்பு தண்ணீரைப் பிரிக்கும். அதன் குணத்தை மாற்றாது. ஹைப்பர்வைசரும் சில்லைப் பங்கிடுமே தவிர ஆர்மை எக்ஸ்86 ஆக்காது. ஆகவே எம் சில்லு மேக்கில் வேகமாக ஓடக்கூடியது ஆர்முக்கென்று மைக்ரோசாஃப்ட் செய்த விண்டோஸ் 11 மட்டுமே. இன்டெலுக்கான டேலியை அதற்குள் யார் புரிந்துகொள்வார்கள்? அந்த விண்டோஸுக்குள்ளேயே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். 2024-இல் வந்த பதிப்பிலிருந்து அவர் பெயர் பிரிசம். எக்ஸ்86 ஆணைகளைக் கொத்துக் கொத்தாக எடுத்து ஆர்ம் ஆணைகளாக மாற்றி, மாற்றியதைச் சேமித்தும் வைத்துக்கொள்வார். அதே பகுதி மறுபடி வரும்போது மாற்றும் வேலை மிச்சம்.

இதில் நுணுக்கமான தொல்லை ஒன்று உண்டு. சில்லுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கணிப்பகுதிகளுக்குக் கோர் என்று பெயர். ஒரு கோர் மெமரியில் எழுதிய வரிசையிலேயே அடுத்த கோருக்கும் தெரியும் என்று எக்ஸ்86 உறுதி தருகிறது. ஆர்ம் அப்படித் தருவதில்லை. மொழிபெயர்ப்பவர் அந்த வரிசையைக் காக்கத் தேவையான இடங்களில் அணை போட்டாக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். இன்டெல் மேக் மென்பொருள்களை எம் சில்லில் ஓட்டித்தரும் தன்னுடைய ரோசெட்டா 2 மொழிபெயர்ப்பிக்காக எக்ஸ்86 வரிசையைப் பின்பற்றும் ஒரு முறையையே ஆப்பிள் தன் சில்லுக்குள் வைத்திருக்கிறது. இதைப் படித்த அன்று, ஒரு நல்ல மதகைப் பார்த்த மகிழ்ச்சி எனக்கு.

மொழிபெயர்ப்பு 0-ஆம் அடுக்கில் மட்டும்தான் நடக்கும். செருகும் கருவிகளோடு விண்டோஸைப் பேசவைக்கும், கருவோடு சேர்ந்து 1-ஆம் அடுக்கில் ஓடும் டிரைவர்களை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. அவை ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். கடைமடை காய்வது இந்த இடத்தில்தான்.

கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அண்ணன் ஒருவர் கூப்பிட்டிருந்தார். "தம்பி, இருபது வருஷத்துப் பத்திரிகையெல்லாம் பேஜ்மேக்கர்ல கிடக்கு. பையன் மேக் வாங்கிக் குடுத்துட்டான். தொறந்து குடுத்துட்டுப் போங்க." பேஜ்மேக்கர் 1985-இல் மேக்கில்தான் முதலில் வந்தது, நம் அச்சகங்களுக்கு வந்து சேர்ந்ததோ விண்டோஸ் வழியாக. 32 பிட் மென்பொருள் என்பதால் மொழிபெயர்ப்பாளர் ஏற்றுக்கொண்டார். கோப்பு திறந்தது, ஆனால் 'நிகழும் மங்களகரமான' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று கிடந்தன. அண்ணன் பதறிவிட்டார். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழை உட்காரவைத்தவை. பாமினி என்ற எழுத்துருவில் சின்ன எம் (m) இருக்கும் இடத்தில் 'அ' உட்கார்ந்திருக்கும். பழைய எழுத்துருக் கோப்புகளை மெய்நிகர் விண்டோஸுக்குள் நிறுவியதும் தமிழ் திரும்பி வந்தது.

அடுத்து, அவருடைய தமிழ் தட்டச்சு மென்பொருளின் யுஎஸ்பி லாக். மெய்நிகர் இயந்திரம் லாக்கைச் சரியாகவே விண்டோஸிடம் ஒப்படைத்தது. அதோடு பேச விண்டோஸுக்கு டிரைவர் இல்லை. இருந்த ஒரே டிரைவர் இன்டெலுக்கானது. அண்ணன், "வேற கம்பெனி சாஃப்ட்வேர் போட்டுப் பாக்கலாமா?" என்றார். பேரலல்ஸை எடுத்துவிட்டு ஃபியூஷன் போட்டாலும் உள்ளே ஓடப்போவது அதே ஆர்ம் விண்டோஸ். அடைப்பு அதற்குள்ளே இருக்கிறது.

இது புரிந்துவிட்டால் எதை வாங்குவது என்ற கேள்வி சிறுத்துவிடும். பேரலல்ஸ் 2006 முதல் இருக்கிறது. ஒரு சொடுக்கில் விண்டோஸை இறக்கி நிறுவிவிடும். எம்1, எம்2 மேக்கில் ஆர்ம் விண்டோஸ் 11-ஐ அதில் ஓட்டுவதை 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட்டும் அங்கீகரித்தது. கை அழுக்காகாமல் வேலை நடக்க வேண்டும் என்பவர்கள் பணம் கட்டி அதை வாங்கலாம். விஎம்வேர் ஃபியூஷன் 2024 நவம்பர் முதல் அலுவலகப் பயன்பாட்டுக்கும் சேர்த்து இலவசம். நிறுவக் கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான். மாணவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். விர்ச்சுவல்பாக்ஸ் எம் சில்லில் ஆர்ம் விண்டோஸை ஓட்டத் தொடங்கியது 2025-இல் வந்த 7.2 பதிப்பிலிருந்து; இன்னும் கொஞ்சம் பழகட்டும். எதைப் போட்டாலும் விண்டோஸுக்கு உரிமம் தனியாக வாங்க வேண்டும்.

கிராஸ்ஓவர் வேறு வகை. அதில் விண்டோஸே கிடையாது. 1993-இல் தொடங்கிய ஒயின் திட்டத்தின் மேல் கட்டியது. 'கோப்பைத் திற', 'சன்னலை வரை' என்று நிரல் விண்டோஸைக் கூப்பிடும் ஒவ்வொரு குரலுக்கும் மேக்கைக் கொண்டு பதில் சொல்லிவிடும். மெமரி மிச்சம், விண்டோஸ் உரிமச் செலவும் மிச்சம். ஆனால் எம் சில்லில் அது ரோசெட்டா 2-ஐ நம்பி நிற்கிறது. ரோசெட்டாவை முழுமையாக மேக்ஓஎஸ் 27 வரைதான் தரப்போவதாக 2025-இல் ஆப்பிள் சொல்லிவிட்டது. பல வருடக் கணக்கை அதில் வைக்க நான் சொல்ல மாட்டேன்.

மெமரியில் கஞ்சத்தனம் கூடாது. பிராசஸர் நேரத்தை முறைப்பாசனம் போல மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். மெமரி அந்தந்தப் பக்கத்தில் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர். விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி கேட்கும். 8 ஜிபி மேக்கைப் பாதியாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் வாடும். எம் சில்லு மேக்கில் பிறகு மெமரி கூட்டவும் முடியாது. வாங்கும்போதே 16 ஜிபி இருக்கட்டும்.

இன்னொன்று, கஜா புயலைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். மொத்த விண்டோஸும் மேக்கில் ஒரே கோப்பாகக் கிடப்பது பெரிய வசதி. அதை அப்படியே வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். 2018 நவம்பரில் கூரையோடு கணினியையும் இழந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. மெய்நிகர் இயந்திரத்தின் அந்த நேர நிலையைப் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கில்தான் இருக்கும், அதைக் காப்பு நகல் என்று நம்ப வேண்டாம்.

தங்கை மகள் மறுநாள் தான் செருகுவதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தாள்: கையெழுத்து டோக்கன், அலுவலகப் பிரிண்டர், ஒரு பென் டிரைவ். டோக்கன் கம்பெனியே மேக் டிரைவர் கொடுத்திருந்ததால் கையெழுத்து வேலையை மேக்கிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். பிரிண்டரையும் மேக்குக்குத் தெரிந்தது. விண்டோஸ் அனுப்பும் தாளை மேக் வாங்கி அச்சிட்டுவிடும். ஃபியூஷன் போட்டோம். டேலியில் நாலு வவுச்சர் போட்டுப் பார்த்தாள். "இவ்ளோதானா மாமா?"

அண்ணனின் லாக்குக்கு நேரான வழி இல்லை. சுற்றுவழி ஒன்று இருந்தது. யூடிஎம் என்ற இலவச மென்பொருள், ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003-இல் வெளியிட்ட கியூஎமுவின் மேல் நிற்பது. அது பங்கிடுவதோடு நிற்காமல், முழு இன்டெல் கணினியையே மென்பொருளாக நடித்துக் காட்டவும் வல்லது. கரு, டிரைவர் என்று எல்லா அடுக்கின் ஆணைகளையும் ஒன்றுவிடாமல் மொழிபெயர்ப்பதால் மிக மெதுவாக ஓடும். புது விண்டோஸை அதில் போட்டால் பொறுமை போய்விடும். ஆனால் அதற்குள் இருப்பது 'இன்டெல்' என்பதால் பழைய டிரைவருக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அண்ணனிடம் இருந்த விண்டோஸ் எக்ஸ்பி சிடியை வைத்து நிறுவி, பாதுகாப்பில்லாத பழைய விண்டோஸ் என்பதால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, லாக்கைச் செருகினோம். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு லாக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முகூர்த்தப் பத்திரிகையின் முதல் வரியைத் தட்டத் தொடங்கினார். எழுத்து விரலுக்கு ஒரு நொடி பிந்தியே வந்தது.