வினாத்தாள் உறையில் ஒரு கண்ணாடிச் சில்லு

பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு அறையில், வினாத்தாள் கைக்கு வருவதற்குச் சற்று முன் ஒரு சின்னச் சடங்கு நடக்கும். அறைக் கண்காணிப்பாளர் உறையை உயர்த்திக் காட்டுவார். இரண்டு மாணவர்களை அழைத்து, உறை பிரிக்கப்படாமல் இருப்பதைப் பார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குவார். அப்புறம்தான் உறையை வெட்டுவார்.

எனக்கு மிகவும் பிடித்த நடைமுறை இது. தேர்வு எழுதப் போகிறவரையே சாட்சியாக நிறுத்துகிறது. ஆனால் உறை இந்த நொடியில் முழுதாக இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அவர்கள் சாட்சி. அச்சகத்திலிருந்து கட்டுக்காப்பு மையம், அங்கிருந்து வண்டி, வண்டியிலிருந்து பள்ளியின் பீரோ என்று அது வந்த வழியில் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. எழுதி முடித்த விடைத்தாள் திரும்பிப் போகும் வழியும் அப்படித்தான்.

தேர்வு மோசடிகளில் பெரியவை பல இந்த வழியில்தான் நடந்திருக்கின்றன. 2019 செப்டம்பர் 1 அன்று டி.என்.பி.எஸ்.சி. நடத்திய குரூப் 4 தேர்வு நினைவிருக்கும். ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதிய சிலர், சில மணி நேரத்தில் மறைந்துபோகும் மையால் விடைகளைக் குறித்திருந்தார்கள். பிறகு அந்தத் தாள்களில் சரியான விடைகள் நிரப்பப்பட்டு, மற்ற தாள்களோடு திரும்பச் சேர்க்கப்பட்டன. 99 பேருக்கு ஆணையம் வாழ்நாள் தடை விதித்தது. வருடக்கணக்காகப் படித்துவிட்டு நேர்மையாக எழுதிய லட்சக்கணக்கானவர்களுக்கு இது எத்தனை பெரிய துரோகம்!

இந்த வழியை எப்படிக் கண்காணிப்பது? அதற்கு ஒரு கருவி ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டாக் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆர்.எஃப்.ஐ.டி. என்பார்கள், ரேடியோ அலை மூலம் ஒரு பொருளை அடையாளம் காணும் முறை.

ஃபாஸ்டாக்கில் பேட்டரி கிடையாது. பிறகு எப்படிச் சுங்கச்சாவடியோடு பேசுகிறது? சின்ன வயதில் வெயிலில் ஒரு கண்ணாடித் துண்டைப் பிடித்து, எதிர்வீட்டுச் சுவரில் ஒளியடித்து விளையாடியிருப்போம். கண்ணாடிக்குச் சொந்த ஒளி இல்லை. சூரியனுடையதைத்தான் திருப்பி அனுப்புகிறது. கையால் மூடி மூடித் திறந்தால் சுவரில் ஒளி விட்டு விட்டு அடிக்கும். இரண்டு முறை அடித்தால் 'வா', மூன்று முறை அடித்தால் 'வராதே' என்று பேசி வைத்துக்கொண்டால், அந்தக் கண்ணாடித் துண்டு செய்தி அனுப்பும் கருவியாகிவிடும்.

ஃபாஸ்டாக் போன்ற ஒட்டுச்சீட்டை டேக் என்பார்கள். அது செய்வதும் இதையேதான். இங்கே சூரியன், சுங்கச்சாவடியில் இருக்கும் ரீடர் என்கிற கருவி. இந்தியாவில் இதற்கு ஒதுக்கியிருக்கும் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் அது ரேடியோ அலையை அனுப்பும். அந்த அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். டேக்கில் இருக்கும் மெல்லிய உலோகக் கோடுதான் ஆன்டெனா. வரும் அலையிலிருந்து மைக்ரோவாட் அளவில் ஆற்றலை எடுத்து, நடுவில் இருக்கும் கடுகைவிடச் சிறிய சிப்பை அது எழுப்புகிறது. எழுந்த சிப் ஆன்டெனாவின் மின்தன்மையை மாற்றி மாற்றி அமைக்கும். அதற்கேற்ப அலை ஒரு கணம் கூடுதலாகவும் அடுத்த கணம் குறைவாகவும் எதிரொளிக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் டேக்கின் எண். 1948-லேயே ஹாரி ஸ்டாக்மன் என்ற பொறியாளர், எதிரொளிக்கும் ஆற்றலைக் கொண்டே தகவல் அனுப்பலாம் என்று கட்டுரை எழுதிவிட்டார். தாளில் ஒட்டும் அளவுக்கு அது சிறியதாகவும் மலிவாகவும் ஆவதற்குத்தான் இத்தனை காலம்.

பார்கோடிலும் எண் இருக்கிறதே என்று கேட்கலாம். பார்கோடை ஒவ்வொன்றாக, கண்ணுக்கு நேரே காட்டிப் படிக்க வேண்டும். ரேடியோ அலை காகிதத்தையும் அட்டையையும் ஊடுருவிப் போகும். ஒரு பெட்டியில் இருக்கும் நாற்பது உறைகளையும் பெட்டியைத் திறக்காமலே எண்ணிவிடலாம்.

நாற்பதும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் குழப்பம் வராதா? வரும். வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டதும் எல்லோரும் ஒன்றாகக் கத்தினால் ஒன்றும் புரியாது அல்லவா, அதே சிக்கல். இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. ரீடர் முதலில் '64 இடங்கள் இருக்கின்றன' என்கிறது. ஒவ்வொரு டேக்கும் தனக்குள் குலுக்கல் போட்டு ஓர் எண்ணை எடுத்துக்கொள்கிறது. ரீடர் 'அடுத்து' என்று சொல்லும்போதெல்லாம் அந்த எண்ணில் ஒன்றைக் குறைக்கிறது. பூஜ்ஜியம் வந்ததும் பேசுகிறது. இரண்டு டேக்குகள் ஒரே எண்ணை எடுத்திருந்தால் மோதும். அவை அடுத்த சுற்றில் மறுபடி குலுக்கிக்கொள்ளும். மோதல் அதிகமானால் ரீடர் இடங்களைக் கூட்டும், வெற்றிடம் அதிகமானால் குறைக்கும். இப்படி நொடிக்கு நூற்றுக்கணக்கான டேக்குகளைப் படிக்க முடிகிறது.

சரி, 2019-இல் ஒவ்வொரு விடைத்தாளிலும் டேக் ஒட்டியிருந்தால் அந்த மோசடி பிடிபட்டிருக்குமா? பிடிபட்டிருக்காது என்பதுதான் உண்மை. விடை நிரப்பப்பட்ட பிறகும் அதே தாள், அதே கட்டுக்குள்தானே திரும்பி வந்தது? டேக் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று மட்டுமே சொல்லும். தன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தாள்களை எண்ணுவதற்கு டேக் போதும். கட்டு பிரிக்கப்பட்டதா என்று அறிய, கட்டின் முத்திரையிலேயே அது இருக்க வேண்டும்.

அரக்கு முத்திரையைப் பார்த்து அதே மாதிரி இன்னொன்று செய்துவிடலாம். அதற்குத் தனி எண் இல்லை. டேக் முத்திரைக்கு இருக்கிறது. சிப் தயாராகும்போதே மாற்ற முடியாத எண் ஒன்று பதிந்துவிடுகிறது. ஆன்டெனா உறையின் வாய் மீது குறுக்கே போகும்படி ஒட்டினால், உறையைப் பிரிக்கும்போது அது கிழிந்து டேக் ஊமையாகிவிடும். ஆனால் ஊமையாவதற்கு இரண்டு அர்த்தம் உண்டு: கிழிந்திருக்கலாம், வெறுமனே ரீடருக்கு எட்டாமலும் போயிருக்கலாம். அதனால் இன்னும் தெளிவான வகை ஒன்று வந்திருக்கிறது. சிப்போடு மெல்லிய கம்பி வளையம் ஒன்று சேர்ந்திருக்கும். வளையம் அறுந்தாலும் டேக் பேசும், 'என் வளையம் அறுந்துவிட்டது' என்பதையும் எண்ணோடு சேர்த்துச் சொல்லும்.

எந்த நேரத்தில், எந்த இடத்தில் அறுந்தது என்று மட்டும் இந்த டேக்கால் சொல்ல முடியாது. பேட்டரி இல்லாததால் அதற்குக் கடிகாரம் இல்லை. நேரமும் இடமும் ரீடரிடம்தான் இருக்கின்றன. இரண்டு ரீடர்களுக்கு நடுவே வண்டி எங்காவது நின்றால் டேக்குக்குத் தெரியாது. அந்த இடைவெளிக்கு ஜி.பி.எஸ்.ஸும் பேட்டரியும் உள்ள பெரிய பூட்டு தேவைப்படும்.

இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பின் முடிவில் எழுதும் ஏ-லெவல் கணிதத் தேர்வின் வினாக்கள் கசிந்ததையடுத்து, அந்தத் தேர்வை நடத்தும் பியர்சன் நிறுவனம் 2019-இல் வினாத்தாள் கட்டுகளில் மைக்ரோசிப் வைத்துச் சோதனை நடத்தியது. ஒவ்வொரு கட்டும் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எங்கே இருந்தது என்று பின்தொடர்வதுதான் நோக்கம். சில மையங்களில் மட்டும் நடந்த முயற்சி அது. அப்படியிருந்தும் அதே ஆண்டு ஜூனில் கணிதத் தேர்வின் சில கேள்விகள் தேர்வுக்கு முன்பே இணையத்தில் வந்துவிட்டன. கட்டு உடைந்த செய்தி தேர்வு நேரத்துக்கு முன்பே தலைமையகத்துக்குப் போனால்தான் மாற்று வினாத்தாள் கொடுக்க முடியும். மறுநாள் தெரிந்தால் விசாரணைக்குத்தான் உதவும்.

நம் ஊரில் உடனே எதிரே நிற்கும் பிரச்சினை இரும்புப் பெட்டி. வினாத்தாள்களை இரும்பு டிரங்கில் வைப்பது வழக்கம். ரேடியோ அலை இரும்பைத் தாண்டாது. உள்ளே நூறு டேக் இருந்தாலும் வெளியே ஒன்றும் கேட்காது. உலோகத்தின் மேல் நேரடியாக ஒட்டினாலும் சாதாரண டேக் வேலை செய்யாது. நடுவில் இடைவெளி விட்டுச் செய்த தனி வகை வேண்டும். கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறலாம், அல்லது பெட்டிக்கு வெளியே ஒரு முத்திரையும் உள்ளே ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு முத்திரையும் வைக்கலாம். இரண்டாவதுதான் நல்லது என்று நினைக்கிறேன். பூட்டைத் தொடாமல் கீல் பக்கமாகப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே இருக்கும் முத்திரைகள் சொல்லிவிடும்.

2024 மே 5 நீட் தேர்வில், ஜார்க்கண்டின் ஹஸாரிபாக்கில் ஒரு பள்ளியின் கட்டுப்பாட்டு அறையில் இருந்த பெட்டியைத் தேர்வு நாள் காலையிலேயே கருவிகளால் திறந்து வினாத்தாளை எடுத்ததாக சி.பி.ஐ. தெரிவித்தது. பொறுப்பில் இருந்தவர்களே அதற்கு உடந்தை என்றும் சொன்னது. அப்படிப்பட்ட இடத்தில் ரீடரையும் பதிவேட்டையும் அவர்களிடமே கொடுத்தால் என்ன பயன்? ஒவ்வொரு வாசிப்பும் அந்த நொடியே வேறோர் ஊரில் இருக்கும் சர்வருக்குப் போக வேண்டும். மையத்தில் யாராலும் அதை அழிக்க முடியக் கூடாது. குறித்த நேரத்தில் வாசிப்பு வராவிட்டால் சர்வர் இருக்கும் இடத்தில் ஒருவர் உடனே ஃபோனை எடுக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் செலவு பிடிக்கும் பகுதி அதுதான். டேக் சில ரூபாய்க்குக் கிடைத்துவிடும்.

தேர்வு எழுதுகிறவர் மீதே டேக் மாட்டலாம் என்ற யோசனையும் அவ்வப்போது வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹால் டிக்கெட்டில் டேக் இருந்தால் ஹால் டிக்கெட் வந்ததா என்றுதான் தெரியும். ஆள்மாறாட்டம் செய்ய வருகிறவர் அதையும் கையோடு கொண்டுவருவார். முகத்தையும் கைரேகையையும் பார்ப்பதற்கு இது ஈடாகாது. அமெரிக்காவில் சான் அன்டோனியோ நகரப் பள்ளி மாவட்டம் ஒன்று 2012-இல் மாணவர்களின் அடையாள அட்டையில் டேக் வைத்தது. எதிர்ப்பும் வழக்கும் வந்தன. அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். காகிதத்தைப் பின்தொடர்வது வேறு, பிள்ளைகளைப் பின்தொடர்வது வேறு.

இதெல்லாம் வந்தாலும், உறையின் மேல் அந்த இரண்டு கையெழுத்துகள் இருக்கட்டும். கையெழுத்துக்கு முன்னால் ரீடரின் திரையையும் அந்த இருவருக்கும் காட்டலாம்: உறையின் எண், வளையம் அறவில்லை, கட்டுக்காப்பு மையத்தை விட்டுக் கிளம்பிய நேரம் காலை 8.10, பள்ளிக்கு வந்த நேரம் 8.50. பார்த்துவிட்டுப் போடட்டும்.