காலை எடுத்தாலும் ஏறும் ஜீப்

கொழுக்குமலை தேனி மாவட்டத்து மலை. ஆனால் ஜீப் ஏறுவது கேரளப் பக்கம், சூரியநெல்லியில் இருந்து. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தொடங்கும் பாதை கொஞ்ச தூரத்திலேயே வெறும் பாறையும் உருளைக் கல்லுமாக மாறிவிடும். மேலே போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடியற்காலை இருட்டில், கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் சூரிய உதயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, முன் இருக்கையில் இருந்த நான் டிரைவரின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செங்குத்தான ஒரு திருப்பத்தில், முழங்கால் உயரப் பாறை ஒன்றின் மேல் சக்கரம் ஏற வேண்டிய நேரத்தில், அவர் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டார். கிளட்சிலும் கால் இல்லை, பிரேக்கிலும் இல்லை. என்ஜின் சத்தம் ஒரு நொடி கனத்தது. ஜீப் தானாகவே பாறை மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது.

"அண்ணே, மிதிக்கவே இல்லையே?" என்று கேட்டேன்.

"மிதிச்சா சக்கரம் சுத்தும் தம்பி. விட்டா அதுவா ஏறும்" என்றார்.

இந்த ஒரு வரிக்குள் என்ஜின் பொறியியல் நிறைய இருக்கிறது. காடு மேட்டுக்கு வண்டி வாங்க நினைப்பவர்கள் பலரும் முதலில் கேட்பது "எத்தனை குதிரைத்திறன்?" என்றுதான். அந்த ஜீப்பில் இருந்தது பழைய 2.5 லிட்டர் டீசல் என்ஜின். அதன் திறன் 60 குதிரையைச் சுற்றித்தான் இருக்கும். இன்றைய சின்னக் கார்கள் பலவற்றில் இதைவிட அதிகம் உண்டு. ஆனால் அந்தப் பாறையில் அவை ஏறாது.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். என்ஜின் தன் தண்டைத் திருகும் பலம் முறுக்கு விசை. டிரைவர்கள் இதை 'இழுவை' என்பார்கள், அது நல்ல சொல். அந்த இழுவையோடு ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதையும் பெருக்கினால் வருவது திறன், அதாவது குதிரைத்திறன். ஆக, அதிகக் குதிரைத்திறனை இரண்டு வழிகளில் எட்டலாம். மெதுவாகச் சுற்றிப் பலமாகத் திருகலாம், அல்லது லேசாகத் திருகி வேகமாகச் சுற்றலாம். நெடுஞ்சாலையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், கியர் சரிசெய்துவிடும். மலைப்பாறையில் அப்படி இல்லை.

இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்பை எடுத்துக்கொள்ளலாம். 1947-இல் மஹிந்திரா இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் அந்த வில்லிஸ் வம்சம்தான், கொழுக்குமலை ஜீப்புகளின் பாட்டன் என்றே சொல்லலாம். அதன் 'கோ டெவில்' பெட்ரோல் என்ஜின் 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன். உச்ச இழுவை சுமார் 142 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு வெறும் 2,000 சுற்றிலேயே கிடைத்துவிடும். (நியூட்டன் மீட்டர் என்பது இழுவையின் அளவு.)

இனி கியர்களைப் பார்ப்போம். முதல் கியர் என்ஜினின் இழுவையை 2.67 மடங்காக்கும். நான்கு சக்கர ஓட்டத்துக்கான தனிப் பெட்டியில் லோ கியரைப் போட்டால் இன்னும் 1.97 மடங்கு. ஆக்சிலில் உள்ள கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடி மேலும் 4.88 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 25.7. அப்படியானால் சக்கரங்களில் வந்து சேரும் முறுக்கு 3,600 நியூட்டன் மீட்டருக்கு மேல். டயரின் ஆரம் 36 சென்டிமீட்டர் என்று வைத்தால், வண்டியை முன்னே தள்ளும் விசை ஏறத்தாழ 1,000 கிலோ எடைக்குச் சமம். கியர்களின் உராய்வில் கொஞ்சம் போனாலும் 850 கிலோவுக்குக் குறையாது. வண்டியின் எடையோ சுமார் 1,100 கிலோ.

இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது நான் அசந்துபோனேன். 45 டிகிரி சரிவில் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை அதன் எடையில் 70 சதவீதம், அதாவது 780 கிலோ. அதையும் தாண்டிய தள்ளுவிசை அந்தச் சின்ன 60 குதிரை என்ஜினிடம் இருக்கிறது. ஆனால் ஈரக் கல்லிலும் மண்ணிலும் டயருக்குக் கிடைக்கும் பிடி, எடையில் பாதியளவு இருந்தாலே நல்லது. அதாவது என்ஜினின் பலம் தீர்வதற்கு வெகு முன்பாகவே டயரின் பிடி தீர்ந்துவிடும்.

லோ கியரில் ஏறும்போது என்ஜினிடம் பலம் போதாமல் போவது அபூர்வம். எவ்வளவு நிதானமாக, எவ்வளவு சீராக அந்தப் பலத்தைக் கொடுக்கிறது என்பதுதான் பிரச்சினை. உருளும் சக்கரத்துக்குப் பிடி உண்டு. ஒருமுறை வழுக்கிச் சுழலத் தொடங்கிவிட்டால் பிடி சட்டென்று குறைகிறது, கல்லை வாரி இறைத்து, தானே குழி தோண்டிக்கொள்கிறது. "மிதிச்சா சக்கரம் சுத்தும்" என்று டிரைவர் சொன்னது இதைத்தான்.

சரி, மிதிக்காமல் எப்படி ஏறியது?

பழைய டீசல் என்ஜினின் பம்ப்பில் கவர்னர் என்ற ஒரு பகுதி உண்டு. என்ஜின் ஐடிலிங்கில், அதாவது மிதிக்காமல் சும்மா ஓடும்போது, குறிப்பிட்ட சுற்றுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. சக்கரம் பாறையில் முட்டியதும் என்ஜின் சுற்று குறையப் பார்க்கிறது. உடனே கவர்னர் கூடுதல் டீசலை அனுப்புகிறது. டீசல் என்ஜினில் காற்றை அடைக்கும் தகடு கிடையாது. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் நிறையக் காற்று உள்ளே இருக்கும், டீசலைக் கூட்டினாலே பலம் கூடிவிடும். நான் கேட்ட அந்தக் 'கனத்த' சத்தம் கவர்னர் வேலை செய்த சத்தம். மனிதக் காலால் குலுங்கும் வண்டியில் அவ்வளவு நுணுக்கமாக மிதிக்க முடியாது. பாறையில் வண்டி தூக்கிப் போடும்போது கால் தன்னையறியாமல் அழுத்திவிடும்.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டர் இருந்த காலத்துப் பெட்ரோல் வண்டிகளுக்கு இந்த வசதி இல்லை. போதாததற்கு, கார்புரேட்டரில் பெட்ரோல் ஒரு சின்னக் கிண்ணத்தில் நிற்கும். வண்டி அதிகமாகச் சாய்ந்தால் கிண்ணத்தில் மட்டம் மாறி, பெட்ரோல் வழியும் அல்லது போதாமல் போகும். என்ஜின் இருமி இருமி நின்றுவிடும். மலையில் பெட்ரோல் வண்டி ஆகாது என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு காரணம். இன்றைய பெட்ரோல் என்ஜின்களில் ஊசி வழியாக அழுத்தத்தில் எரிபொருள் பீய்ச்சப்படுகிறது. எந்தச் சாய்விலும் அது மாறாது. ஐடிலிங் சுற்றையும் கணினி பார்த்துக்கொள்கிறது. அந்தப் பழைய குறை தீர்ந்து வெகு நாளாகிவிட்டது, ஆனால் பேச்சு மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். பிஸ்டன் நீண்ட தூரம் ஏறி இறங்கும் என்ஜின்களுக்கு நெம்புகோல் போல அதிக இழுவை வரும் என்பார்கள். கோ டெவிலில் சிலிண்டரின் அகலம் 79 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 111 மில்லிமீட்டர். ஆனால் நெம்புகோல் விளக்கம் முழு உண்மை இல்லை. அதே கொள்ளளவில் நெம்புகோலின் கை நீண்டால் பிஸ்டனின் பரப்பு சுருங்குகிறது, ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். இழுவையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் என்ஜினின் கொள்ளளவும் அதற்குள் எழும் அழுத்தமும்தான். குறுகிய சிலிண்டரில் பெரிய வால்வு வைக்க இடமில்லை, அதனால் உயர்ந்த சுற்றில் அதற்கு மூச்சு முட்டும். ஆகவே வடிவமைப்பவர்கள் தாழ்ந்த சுற்றில் நன்றாக மூச்சு விடும்படி அதை அமைக்கிறார்கள். கூடவே, தண்டோடு சேர்ந்து சுழலும் பிளைவீல் என்ற சக்கரமும் கனமாக இருந்தால், பாறையில் முட்டினாலும் சுழற்சி சட்டென்று நிற்காது. அந்தக் கனம் நெடுஞ்சாலையில் பிக்கப்பைக் கெடுக்கும். பாறையிலோ அதுதான் துணை.

இன்றைய என்ஜின்களில் டர்போ வந்தபின் கதை கொஞ்சம் மாறியது. 2020-இல் வந்த மஹிந்திரா தார் இதற்கு நல்ல உதாரணம். அதன் 2 லிட்டர் பெட்ரோல் 150 குதிரைத்திறன், 2.2 லிட்டர் டீசல் 130. மேனுவல் கியரில் இரண்டுக்கும் உச்ச இழுவை ஒரே 300 நியூட்டன் மீட்டர். அந்த 300, வில்லிஸ் ஜீப்புக்குக் கிடைத்ததைப் போல இரண்டு மடங்கு. ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். டர்போ என்பது புகையின் வேகத்தால் சுழன்று, என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி. தாழ்ந்த சுற்றில் புகை போதாது, விசிறி சோம்பிக் கிடக்கும். அந்த நேரத்தில் நம்மிடம் இருப்பது டர்போ இல்லாத ஒரு சின்ன என்ஜின்தான். சுற்று கொஞ்சம் ஏறியதும் திடீரென்று மொத்த இழுவையும் வந்து விழும். பாறையில் பாதி ஏறிய நிலையில் இப்படி நடந்தால் சக்கரம் சுழன்றுவிடும். அதைச் சமாளிக்க டிரைவர் அரைக் கிளட்சில் ஓட்டுவார், கிளட்ச் பிளேட் கருகும் வாசம் வரும். ஆட்டோமேட்டிக் கியரில் இருக்கும் டார்க் கன்வர்ட்டர், எண்ணெய் வழியாகப் பலத்தைக் கடத்துவதால் இந்த இடைவெளியை அழகாக மூடிவிடுகிறது. டர்போ வண்டியோடு பாறை ஏற விரும்புகிறவர்களுக்கு நான் ஆட்டோமேட்டிக்கைத்தான் சொல்வேன். பழைய ஜீப் டிரைவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் பாறைக்கு. மணலுக்குப் போனால் பாதி தலைகீழாகிவிடும்.

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் பலர் மணல்மேட்டு ஓட்டத்தைப் பார்த்திருப்பார்கள். அங்கே பலரும் கொண்டாடும் வண்டிகளில் ஒன்று நிஸான் பேட்ரோல், அதுவும் 4.8 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் வைத்தது. மணல் சக்கரத்துக்கு அடியில் ஒழுகிக்கொண்டே இருக்கும். மெதுவாகப் போனால் வண்டி புதையும், அதனால் வேகம் குறையாமல் மேட்டில் ஏற வேண்டும். விசையோடு வேகமும் தேவைப்படும்போது, அந்தப் பெருக்கல்தான் திறன் என்று முன்பே பார்த்தோம். இங்கே குதிரைத்திறன் உண்மையிலேயே வேண்டும். அப்புறம் இன்னொன்று: பெட்ரோல் என்ஜின் 2,000 சுற்றில் இருந்து 5,000-க்கு மேலும் ஒரே கியரில் ஓடும். டீசலுக்கு 4,000-த்தை ஒட்டியே மூச்சு நின்றுவிடும். மேட்டின் நடுவில் கியர் மாற்ற கிளட்சை மிதித்த அந்த அரை நொடியில் மணல் வேகத்தை விழுங்கிவிடும். மூக்கில் கனமான இரும்பு டீசல் என்ஜின் இருந்தால் முன் சக்கரம் இன்னும் சீக்கிரம் புதையும்.

எடை சின்ன விஷயம் இல்லை. மாருதி ஜிப்சியின் 1.3 லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்கு 80 குதிரைத்திறன்தான், இழுவையும் அதிகம் கிடையாது. ஆனால் வண்டியே ஒரு டன்னுக்குள். சேற்றில் கனமான வண்டிகள் வயிறு தட்டி நிற்கும் இடத்தில் அது மேலோட்டமாக மிதந்து போய்விடும்.

அதே ஜிப்சி லடாக்கில் திணறும். கார்துங் லா கணவாய் 17,582 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. டர்போ இல்லாத என்ஜினுக்குள் போகும் காற்றும் அதற்கேற்பக் குறையும், 80 குதிரையில் 45 தேறினால் பெரிது. 7,000 அடியைத் தாண்டிய கொழுக்குமலையிலேயே ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. டர்போ வண்டிகள் விசிறியை வேகமாகச் சுழற்றி இதை ஈடுகட்டும். இருந்தாலும் விசிறி விழிப்பதற்கு முந்தைய தாழ்ந்த சுற்றில் அவையும் தப்ப முடியாது.

ஆற்றைக் கடக்க டீசல்தான் பாதுகாப்பு என்பார்கள். தீப்பொறி தேவையில்லை என்பதால் நனைந்தாலும் ஓடும் என்பது பழைய வண்டிகளுக்கு உண்மை. ஆனால் காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் டீசலுக்குத்தான் ஆபத்து அதிகம். 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசலில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் 40 மில்லிக்கும் குறைவு. அதே அளவு பெட்ரோல் என்ஜினில் 70 மில்லி இருக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. அரை டீ கிளாஸ் தண்ணீர் போதும், பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் கம்பி வளைந்துவிடும். கூரை வரை உயர்த்திய காற்றுக் குழாயை அழகுக்காக வைப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள், அது இதற்காகத்தான்.

மின் மோட்டாருக்கு ஐடிலிங்கும் இல்லை, கிளட்சும் இல்லை, டர்போ இடைவெளியும் இல்லை. நின்ற இடத்திலேயே முழு இழுவை கிடைக்கும். 2024-இல் வந்த மின்சார மெர்சிடிஸ் ஜி வண்டியில் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மோட்டார்கள், மொத்தம் 1,164 நியூட்டன் மீட்டர். அவ்வளவு இருந்தும் ஒவ்வொரு மோட்டாருக்கும் லோ கியர் வைத்திருக்கிறார்கள்.

கொழுக்குமலையில் இருந்து இறங்கும்போது வெயில் வந்திருந்தது, பள்ளம் நன்றாகத் தெரிந்தது, பேச்சு குறைந்துவிட்டது. டிரைவர் முதல் கியரும் லோ கியரும் போட்டு, இரண்டு கால்களையும் தரையில் வைத்துக்கொண்டார். ஏறும்போது என்ஜினின் பலத்தைப் பல மடங்காக்கிச் சக்கரத்துக்குக் கொடுத்த அதே கியர்கள், இப்போது என்ஜினின் தடையைப் பல மடங்காக்கிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டன. டீசலை நிறுத்திவிட்ட என்ஜினைச் சக்கரங்கள் உருட்ட வேண்டியிருந்தது. பெட்ரோல் என்றால் காற்றுத் தகடு மூடி, உள்ளே வெற்றிடம் உண்டாகி இன்னும் கொஞ்சம் பிடிக்கும். அந்தத் தகடு இல்லாததால்தான் டீசல் லாரிகளுக்குத் தனியாக, புகை போகும் வழியை அடைத்து என்ஜினைத் தடுக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்கள். லோ கியர் உள்ள ஜீப்புக்கு அது தேவைப்படவில்லை. பிரேக்கை அழுத்தினால் கல்லில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், கிளட்சை மிதித்தால் பிடித்திருக்கும் என்ஜினே கைவிட்டுப் போகும். அதனால்தான் இரண்டு கால்களும் தரையில். நடந்து இறங்கும் ஒருவரின் வேகத்தில், ஒவ்வொரு கல்லாகத் தொட்டுத் தொட்டு, சூரியநெல்லி வரை அப்படியே வந்தோம்.