எதிர்காற்றில் தப்பிய லக்கர்

மீன் காத்திருக்காது. நாறுவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பிரான்ஸின் பிரெட்டனி கடற்கரையில் இந்த அவசரத்துக்கென்றே ஒரு படகு வகை இருந்தது: ஷாஸ்-மரே. ‘ஷாஸ்’ என்றால் துரத்துவது. ‘மரே’ என்றால் ஓதம், கடல்நீரின் ஏற்ற இறக்கம். கடலிலிருந்து அன்றன்றைக்கு வரும் மீனுக்கும் அதே சொல்தான். 18ஆம் நூற்றாண்டில் இந்த வகைப் படகுகளில் பீரங்கி ஏற்றி, பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களைப் பிடிக்க அனுப்பினார்கள். இதே மாதிரி பாய் கட்டிய கப்பல்களுக்குப் பொதுப்பெயர் லக்கர்.

பீரங்கி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். 2 கிலோ குண்டு போடும் பீரங்கியே இதற்குப் பெரிசு. எதிரியின் ஃப்ரிகேட் (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்) ஒன்று பக்கவாட்டில் நின்று ஒரே ஒரு சுற்று சுட்டால் கதை முடிந்துவிடும். அதனால் அடிப்பதைவிட ஓடத் தெரிந்திருப்பதே இங்கே முக்கியம். அந்த வித்தை பாயில் இருந்தது.

பெரிய போர்க்கப்பல்களில் சதுரப் பாய்கள், பாய்மரத்துக்குக் குறுக்கே கட்டிய பருமல் என்ற கட்டையில் தொங்கும். பின்காற்றுக்கு அதைப்போல வேறில்லை. காற்று முன்பக்கமாக வந்தால்தான் சிக்கல். பருமலை ஓரளவுதான் திருப்ப முடியும். அதற்குமேல் பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் வடங்களில் போய் முட்டும். லக்கரின் பாய் கப்பலின் நீளவாக்கில் நிற்கிறது. அதன் முன்விளிம்பு விறைப்பாக இருக்கும். காற்று அதில் பிளந்து இருபுறமும் வழுக்கிப் போகும். வெளிப்புறம் புடைத்த பக்கத்தில் அழுத்தம் குறைய, பாய் அந்தப் பக்கம் இழுபடுகிறது. இந்த இழுப்பில் பெரும்பகுதி கப்பலைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். நீருக்குள் இருக்கும் அடிப்பாகம் அதற்கு இடம் கொடுக்காது. மிச்சமிருக்கும் கொஞ்சம் விசை கப்பலை முன்னால் கொண்டுபோகிறது.

கணக்குப் போட்டால் வித்தியாசம் புரியும். சதுரப் பாய்க் கப்பல் காற்று வரும் திசையிலிருந்து சுமார் 67 டிகிரி விலகித்தான் ஓட முடியும். லக்கருக்கு 56 டிகிரி போதும் என்று வைத்துக்கொள்வோம். வெறும் 11 டிகிரிதானே? ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் வளைந்து வளைந்து 18 மைல் ஓடினால், காற்றுக்கு எதிரே லக்கர் 10 மைல் ஏறியிருக்கும். துரத்தும் கப்பல் 7 மைல்தான்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் லக்கரின் பெரிய பாயைப் பருமலோடு இறக்கி, பாய்மரத்தின் மறுபக்கம் கொண்டுபோய், மறுபடி ஏற்ற வேண்டும். கனத்த கட்டை, நனைந்த துணி, ஆடும் தளம். ஆள் பலம் இல்லாமல் நடக்காது. ஆனால் பிற கப்பல்மேல் தாவிச் சண்டையிடவும், பிடித்த கப்பலை ஊருக்கு ஓட்டிப்போகவும் இவற்றில் எப்படியும் கூட்டமாக ஆள் ஏற்றியிருப்பார்கள். பாய் மாற்றுவது அவர்கள் தலையில்தான். பின்கோடியில், கப்பலுக்கு வெளியே நீட்டிய கழியில் ஒரு குட்டிப் பாய் இருக்கும். மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பி வைப்பது அதன் வேலை.

சரி, இதைப் பிடிக்கவே முடியாதா? முடியும். நீரில் மிதக்கும் கப்பலின் வேக எல்லை அதன் நீளத்தைப் பொறுத்தது. நீளம் 4 மடங்கானால் எல்லை 2 மடங்காகும். திறந்த கடலில் பலத்த பின்காற்று அடித்தால் நீளமான ஃப்ரிகேட் எட்டிப் பிடித்துவிடும். ஆகவே லக்கர்கள் கரையை விட்டு அதிகம் விலகுவதில்லை. பிரெட்டனியின் செயின்ட்-மாலோ துறைமுகப் பக்கம் ஓதம் 12 மீட்டர் வரை ஏறி இறங்கும். நீர் வடிந்தால் பாறைகள் தலைகாட்டும். அந்த இடுக்குகளில் ஃப்ரிகேட் நுழையத் துணியாது.

இன்னொரு வழியும் இருந்தது: அதே வித்தை தெரிந்த கப்பலை அனுப்புவது. 1778 ஜூன் 17 அன்று பிரெட்டனிக்கு அப்பால் பிரெஞ்சு ஃப்ரிகேட் பெல்-பூல், பிரிட்டிஷ் ஃப்ரிகேட் அரெதூஸாவுடன் மோதியது. பெல்-பூலுடன் வந்த பிரெஞ்சுக் கடற்படை லக்கரின் பெயர் ‘கூரர்’, அதாவது ஓட்டக்காரன். ரோஸிலி அதன் தலைவர். அன்று அது ஓடவில்லை. ‘அலெர்ட்’ என்ற பிரிட்டிஷ் கட்டருடன் (ஒற்றைப் பாய்மரச் சிறு கப்பல்) நின்று சண்டை போட்டது. கட்டருக்கும் நீளவாக்குப் பாய்தான், காற்றுக்கு எதிரே ஏறுவதில் அதுவும் சளைத்ததல்ல. கூரர் பிடிபட்டது. அடுத்த மாதமே அலெர்ட்டை ஜூனோன் என்ற பிரெஞ்சு ஃப்ரிகேட் பிடித்துக்கொண்டது.