கிளிஃபர்ட் பியரும் கான்கிரீட்டுக்குள் புகும் கடல் உப்பும்

சிங்கப்பூரின் மரினா விரிகுடாவோரம் இருக்கும் பழைய படகுத்துறையான கிளிஃபர்ட் பியர், இப்போது ஒரு ஹோட்டலோடு இணைந்துவிட்டது. ஆனால், இத்தனை காலம் கடல்நீரருகே நின்ற அதன் கான்கிரீட்டை உப்பு அரிக்காதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

ஜான்ஸ்டன் பியருக்கு மாற்றாக 1933 ஜூன் 3 அன்று திறக்கப்பட்ட இத்துறை, நடுவே தூண்களின்றிக் கூரையைத் தாங்கும் கான்கிரீட் வளைவுகளுக்குப் பெயர்பெற்றது. குசு தீவுக்குச் செல்லும் வழிபாட்டாளர்கள் உட்படப் பலரும் படகேறிய இவ்விடம் 2006 ஏப்ரல் 1 அன்று மூடப்பட்டு, படகுச் சேவைகள் மரினா சவுத் பியருக்கு மாறின.

கான்கிரீட்டின் நுண்துளைகளிலுள்ள நீர் மிகுந்த காரத்தன்மை உடையது என்பதால், உள்ளிருக்கும் இரும்புக் கம்பிமீது சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஓர் ஆக்சைடு படலம் உருவாகி அதைத் துருவிலிருந்து காக்கிறது. கடல் உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் அத்துளைகள் வழியே பல ஆண்டுகள் மெல்ல ஊடுருவிக் கம்பியை எட்டியதும், படலம் ஆங்காங்கே உடைகிறது. உடைந்த புள்ளியில் இரும்பு கரைந்து எலக்ட்ரான்களை விடுவிக்க, அவை கம்பி வழியாகவே ஓடி, வேறோர் இடத்தில் நீரோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிகின்றன. அதாவது, ஒரே கம்பி ஒரு மின்கலமாகிவிடுகிறது. என்னை மிகவும் கவர்ந்தது இதற்கடுத்த கட்டம்தான். இரும்போடு சேரும் குளோரைடு அங்கேயே தங்கிவிடுவதில்லை. இரும்பு துருவாக மாறியதும், ஒரு கல்யாணத்தை முடித்துவைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பும் தரகரைப் போல, விடுபட்டு மீண்டும் இரும்பை நாடுகிறது. துரு, தான் பிறந்த இரும்பைக் காட்டிலும் சில மடங்கு அதிக இடத்தை அடைப்பதால், இழுவிசையைத் தாங்கவியலாத கான்கிரீட் வெடிக்கிறது.

எப்போதும் மூழ்கியிருக்கும் பகுதிக்கு ஆக்சிஜன் அரிதாகவே கிடைப்பதால், அங்கே துரு மெல்லத்தான் பரவும். ஓதம் ஏறி இறங்கும் பகுதியோ நனைந்து நனைந்து உலர்கிறது. ஒவ்வொரு முறையும் நீர் ஆவியாக, உப்பு மட்டும் எஞ்சிச் சேர்கிறது. கடலோரக் கட்டுமானங்களில் பெரும்பாலும் முதலில் விரிசல் காண்பது இப்பகுதியில்தான்.

2008-இல் ஒன்பது மதகுகளுடன் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு இக்கணக்கை மாற்றியது. மரினா விரிகுடாவை ஓதத்திலிருந்து அது பிரித்துவிட, மழைநீர் உப்பைப் படிப்படியாக வெளியேற்றி, 2010-இல் அதை நன்னீர்த் தேக்கமாக்கியது. ஆகவே கிளிஃபர்ட் பியரைச் சுற்றிய நீரிலிருந்து புதிய உப்பு வருவது ஏறக்குறைய நின்றது எனலாம்; ஆனால், ஏற்கெனவே உள்ளே புகுந்த குளோரைடு எளிதில் வெளியேறாது. பழைய கட்டடங்களின் முகப்புக்கு வண்ணம் பூசக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கேனும் இந்த ஆய்வுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து: கான்கிரீட்டைச் சிறிது சிறிதாக ஆழம் கூட்டித் துளையிட்டு, ஒவ்வோர் ஆழத்துத் தூளிலும் குளோரைடை அளந்தால், கம்பியை நோக்கி உப்பு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது விரிசல் தெரியும் முன்பே புலப்பட்டுவிடும்.