அப்பத்தை நீங்களே பாத்திரத்தில் தோய்க்காதீர்கள்

மழைக்காலம் பிறந்து ஊரில் நாலு பேர் இருமத் தொடங்கினால் போதும், கிறிஸ்துவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் நற்கருணை ஞாயிறன்று, பீடத்துக்கு முன்னால் முழங்காலிடும் கிராதியில் இந்தப் பழக்கம் முளைத்துவிடுகிறது. உள்ளங்கையில் வைத்த அப்பத்தை வாயில் போடாமல் விரல் நுனியில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். எல்லாரும் குடிக்கும் திராட்சை ரசப் பாத்திரம் வந்ததும் தாங்களே உள்ளே விட்டுத் தோய்த்து எடுக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "வாய் வைக்காம வாங்குனா சுத்தம்தானே ஐயா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

சுத்தம் இல்லை. வாய் வைத்துக் குடிப்பதைவிட இதுதான் மோசம். இதைத் திடப்படுத்தல் வகுப்பிலும் சொல்கிறோம், அறிவிப்பு நேரத்திலும் சொல்கிறோம், அடுத்த மாதம் மறுபடியும் பத்து விரல்கள் பாத்திரத்துக்குள் இறங்குகின்றன.

அந்த விரல் காலையிலிருந்து எங்கெல்லாம் போய்வந்தது என்று எண்ணிப் பாருங்கள். வாசலில் கைகுலுக்கல். பிறகு பாட்டுப் புத்தகம். தென்னிந்தியத் திருச்சபையின் நற்கருணை முறையில் சமாதானம் பரிமாறும்போது ஒருவர் வலது உள்ளங்கையை அடுத்தவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து, இடது கையால் பொதிந்து கொடுப்பார். அது பீடத்தில் தொடங்கிக் கடைசி பெஞ்சுவரை கைமாறிக்கொண்டே போகும். நடுவில் யாராவது மூக்கைத் துடைத்திருப்பார். அப்புறம் காணிக்கைப் பை, அதில் போடும் ரூபாய் நோட்டு. கடைசியாக முழங்காலிடும்போது, முந்தைய வரிசைக்காரர் பிடித்த அதே கிராதிக் கட்டையை நீங்களும் பிடிக்கிறீர்கள். இவ்வளவையும் தொட்ட விரல்தான் ரசத்துக்குள் போகிறது.

"விரல் ரசத்தில் படாது, அப்பத்தின் நுனி மட்டும்தான் படும்" என்று ஒரு பதில் வரும். சபையாருக்குக் கொடுக்கும் வட்ட அப்பத்தின் அகலம் சுமார் 3 செ.மீ. அதில் பாதியை விரல்கள் பிடித்திருக்கின்றன. முதல் பத்துப் பேர்வரை ரசம் மேலாக நிற்கும், சரி. முப்பதாவது ஆளுக்கு அது அடியில் கிடக்கிறது. அப்போது நகமும் சேர்ந்துதான் முங்குகிறது. ஊறிய அப்பம் பிய்ந்து உள்ளே விழுவதும் உண்டு. அதை எடுக்க இரண்டு விரலை முழுதாக விடுபவர்களும் உண்டு. (மிச்சமானதைக் கடைசியில் குடித்துத் தீர்ப்பவர் குருவானவர் என்பது உங்கள் நினைவுக்கு வருவதே இல்லை.)

வாய் வைத்துக் குடிப்பவரின் உதடு விளிம்பில் ஓர் இடத்தில் மட்டுமே படுகிறது. அந்த விளிம்பைத் துணியால் துடைக்க முடியும். ரசத்தைத் துடைக்க முடியுமா? 1967-ல் இங்கிலாந்தில் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். பாத்திரத்தைச் சற்றே சுழற்றிக் கொடுப்பதால் மட்டும் பெரிய பலன் கிடைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் பிறகு துணியால் துடைத்தபோது கிருமிகளின் எண்ணிக்கை 90 சதவீதம் குறைந்தது. ஆபத்து அடியோடு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பொதுப் பாத்திரத்தால் ஒரு நோய் பரவியதாக உறுதிசெய்யப்பட்ட நிகழ்வு ஒன்றும் இல்லை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினர் 1998-ல் எழுதினார்கள்.

"ரசத்தில் இருக்கிற ஆல்கஹால் கிருமியைக் கொன்றுவிடும்" என்ற சமாதானமும் வேண்டாம். ஒருவர் குடித்து அடுத்தவர் குடிப்பதற்கு இடையிலுள்ள சில விநாடிகளில் அது ஒன்றும் செய்யாது. அதோடு நம் சபைகள் பலவற்றில் கருப்புத் திராட்சையைச் சர்க்கரையோடு காய்ச்சி வடித்த புளிக்காத ரசம்தான். ஆங்கிலிக்கர், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தவர்கள், 1888-ல் கூட்டிய லாம்பெத் மாநாட்டில் ஆயர்கள் புளிக்காத சாற்றை ஏற்கவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டம் இன்றும் புளித்த ரசத்தைத்தான் கேட்கிறது. மதுவிலக்கில் ஊறிய மிஷன் மரபுகளும் சேர்ந்து உருவான நம் திருச்சபை வேறு வழியில் போயிற்று. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் திறந்த சாறு பாட்டில் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும், உடைமாற்றும் அறை அலமாரியில் அடுத்த மாதம்வரை அல்ல.

பயமாக இருந்தால் என்ன செய்வது? அப்பத்தை மட்டும் வாங்குங்கள். பாத்திரம் வரும்போது தலையசைத்தால் போதும், அது தாண்டிப் போகும். அது அரைகுறை நற்கருணை அல்ல. ஆங்கிலிக்கர் பாத்திரத்தை விட்டுக்கொடுக்காதவர்கள் என்பது உண்மை. சபையாருக்கு இரண்டையும் கொடுக்க வேண்டும் என்று 1547-லேயே சட்டம் வந்தது; ஆங்கிலிக்கரின் விசுவாசக் கோட்பாடுகளான 39 பிரமாணங்களில் 30-வது, பாத்திரத்தைச் சபையாருக்கு மறுக்கக் கூடாது என்கிறது. ஆனால் அதே 1547 சட்டம் 'தவிர்க்க முடியாத தேவை' என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தது. 2009 பன்றிக் காய்ச்சலின்போதும் 2020 கொரோனாவின்போதும் கேன்டர்பரி, யார்க் பேராயர்கள் அந்த வாசல் வழியாகத்தான் பொதுப் பாத்திரத்தை நிறுத்தச் சொன்னார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் 1662 ஜெபப் புத்தகம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கடும் நோயால் எதையும் வாயில் வாங்க முடியாதவர் மனந்திரும்பி விசுவாசித்தால், வாயால் வாங்காவிட்டாலும் கிறிஸ்துவின் சரீரத்தையும் இரத்தத்தையும் பெற்றவரே என்கிறது.

தோய்த்துத்தான் தர வேண்டும் என்றால், கைகழுவிய குருவானவர் ஒருவரே தோய்த்துக் கொடுக்கட்டும். சபையார் கை பாத்திரத்துக்குப் போகக் கூடாது. ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் தனிக் கிண்ணங்கள் காங்கிரிகேஷனல், மெத்தடிஸ்ட் மரபுகள் வழியாக நம்மிடம் பழகியவை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றான திருச்சபையில் அவற்றுக்கும் இடம் உண்டு. எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். இரண்டுமே ஆங்கிலிக்க மிஷன் சங்கங்கள்தான்; ஆனாலும் எஸ்.பி.ஜி. வளர்த்த நாசரேத்தும் சி.எம்.எஸ். வளர்த்த மெஞ்ஞானபுரமும் பீடத்து மெழுகுவத்தி பற்றியே ஒத்துப்போகாத மரபில் வந்தவை. கிண்ணத்துக்காக இன்னொரு சண்டை வேண்டாம். ஒரே வேண்டுகோள்: அடியில் ரசம் ஒட்டிய பிளாஸ்டிக் கிண்ணங்களைக் குப்பைக் கூடையில் கொட்டாதீர்கள். தண்ணீர் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரை யாரும் மிதிக்காத மண்ணில் ஊற்றுங்கள்.

தோய்ப்பதில் அதிகம் பேர் யோசிக்காத ஒன்று உண்டு. சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் கோதுமையின் குளூட்டன் துளிகூட ஆகாது. தனி அப்பம் வாங்கி வைத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். குளூட்டன் இல்லாதது என்று விற்கும் பொருளில் அது கிலோவுக்கு 20 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது. நாற்பது பேர் கோதுமை அப்பத்தைத் தோய்த்த பாத்திரத்தில் எவ்வளவு துகள் மிதக்கும்! அவர்களுக்குத் தனித் தட்டு, தனிப் பாத்திரம் வைத்து முதலில் கொடுங்கள். குருவானவர் அப்பத்துண்டைப் பாத்திரத்தில் இடும் மரபானால், அந்தத் தனிப் பாத்திரத்தில் இட வேண்டாம். யாருக்கு இந்த நோய் என்பதைச் சபை ஊழியரான உபதேசியார் முன்கூட்டியே கேட்டு வைத்தால் கிராதியில் தடுமாற்றம் வராது.

இனி பாத்திரம் ஏந்துகிறவர்களுக்கு. துடைக்கும் துணி 30 செ.மீ. சதுர லினன் அல்லது நல்ல பருத்தி. பாலியெஸ்டர் ஈரத்தை உறிஞ்சாது. விளிம்பில் தேய்த்துப் பரப்பத்தான் செய்யும். மூன்றாக மடித்து, மறுபடி குறுக்கே மூன்றாக மடியுங்கள். ஒருவர் குடித்ததும் விளிம்பின் உள்ளேயும் வெளியேயும் பிடித்துத் துடைத்து, பாத்திரத்தைக் கால் வட்டம் திருப்பி, துணியின் ஈரமில்லாத பகுதிக்கு விரலை மாற்றுங்கள். துடைப்பதுபோல் ஒரு தட்டு தட்டிவிட்டு நகர்வதைத்தான் பாதிப் பேர் செய்கிறார்கள். முப்பது பேருக்கு ஒரு துணி என்று வையுங்கள். நூறு பேருக்கு ஒன்றே போதும் என்று சிக்கனம் பார்க்காதீர்கள். லிப்ஸ்டிக் போட்டவர்கள் கிராதிக்கு வருமுன் ஒற்றி எடுத்துவிட்டால் பெரிய உபகாரம். கைகழுவும் ஜெல்லைப் போட்ட கையோடு அப்பத்தைத் தொடாதீர்கள், நன்றாகக் காயட்டும். ஜெல் வாசனையோடு அப்பம் வாங்குவது நன்றாயில்லை.

ஆராதனை முடிந்ததும் மீதி ரசத்தைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றுகிறவர்களை என்ன சொல்வது? பலர் வாய் பட்டது, மூடிய பாட்டிலில், அடுத்த மாதத்துக்கு! ஆசீர்வாதம் முடிந்தவுடன் குருவானவரும் அவர் அழைக்கும் சிலரும் பயபக்தியோடு அதை உண்டு குடித்துவிட வேண்டும், கோயிலுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று 1662 ஜெபப் புத்தகம் தெளிவாகச் சொல்கிறது. நோயாளிகளுக்கென எடுத்து வைக்கும் மரபுள்ள சபைகளில் அதற்கென்று பூட்டிய பேழை இருக்கும். மீதி அதிகமாவதே கணக்கில்லாமல் ஊற்றுவதால்தான். ஒருவர் ஒரு மிடறுக்கு 5 மி.லி. குடித்தால் நூறு பேருக்கு அரை லிட்டர் போதும். குறைந்தால் இன்னும் கொஞ்சம் ரசத்தை ஜெபித்துப் பிரதிஷ்டை செய்ய முறை இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

துணிகளை முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, பிறகு வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயப் போடுங்கள். பாத்திரத்தைப் பொறுத்தவரை, உள்ளே ஈயம் பூசாத பித்தளை கூடவே கூடாது; திராட்சையின் புளிப்பு பட்டுச் செம்பு கரைந்து இறங்கும். பெற்றோர் நினைவாகக் கோயிலுக்குப் பாத்திரம் செய்து கொடுக்க நினைப்பவர்கள், ஏற்கெனவே அலமாரியில் மூன்று பாத்திரம் சும்மா இருக்கிறதா என்று குருவானவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால், இரண்டு டஜன் லினன் துணி தைத்துக் கொடுங்கள். பெயர் பொறிக்க இடம் இருக்காது, அவ்வளவுதான்.