ஐட்லிங் ஆடுகிறதா? பார்ட்ஸ் மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் ஓட்டம்) சரியில்லை என்று பெட்ரோல் கார் வந்தால், பானெட்டைத் திறப்பதற்கு முன், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள்ளைத்தான் பார்ப்பேன். சூடேறிய இன்ஜினில் அது பெரும்பாலும் 650-க்கும் 900-க்கும் இடையில் ஆடாமல் நிற்கும். முள் அசையாமல் இருந்து, சீட்டும் ஸ்டீயரிங்கும் மட்டும் அதிர்ந்தால் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பரைச் சந்தேகப்படலாம். முள்ளே ஏறி இறங்கினால் காற்று, பெட்ரோல், ஸ்பார்க் மூன்றில் ஏதோ ஒன்று தகராறு செய்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 1200, 1300 காட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சூடேறியதும் தானாக இறங்கிவிடும்.

சமீபத்தில் வந்த ஒரு காரில் ஸ்பார்க் பிளக் நான்கும் புதுசு. இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியையும் வேறு பட்டறையில் மாற்றியிருந்தார்கள். அப்படியும் வண்டி நின்றதும் முள் 500-க்கு விழும், தத்தளித்து ஏறும், மறுபடி விழும். ஸ்கேனரை மாட்டி, இன்ஜின் கம்ப்யூட்டர் (இசியூ) பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் ஃப்யூயல் ட்ரிம் பார்த்தேன். ஐட்லிங்கில் +22 சதவீதம். ரேஸ் கொடுத்து 2500-ல் பிடித்தால் +4தான். அப்போதே வேக்யூம் லீக்காக இருக்கும் என்று தோன்றிவிட்டது. ஏர்ஃப்ளோ சென்சார் அளக்காத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது, அதை ஈடுகட்ட இசியூ பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கிறது. ஐட்லிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் சின்ன ஓட்டைகூடப் பெரிதாகத் தெரியும். ரேஸ் கொடுத்தால் அதே ஓட்டை கணக்கிலேயே வராது.

இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மறுபடி காற்றுப் பாதைக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸ் மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வளைவின் அடிப்பக்கத்தைத் தடவினால், நகம் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். விரலால் பொத்தியதும் ‘உஸ்’ சத்தம் அடங்கியது, முள் 750-ல் போய் நின்றது. இவ்வளவு செலவுக்கும் காரணம் ஒரு ரப்பர் ஹோஸ்! (இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள், ரேடியேட்டர் ஃபேன் எந்த நேரமும் சுற்றும். சூடான இன்ஜினில் தீப்பற்றக்கூடிய கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து லீக் தேடுவதும் தீயில் முடியலாம். பட்டறையில் ஸ்மோக் டெஸ்ட் (புகை விட்டு லீக் கண்டுபிடிப்பது) கேளுங்கள்.)

த்ராட்டில் பாடியில் கரி படிவதும் அடிக்கடி பார்க்கும் காரணம்தான். ஆனால் எலக்ட்ரானிக் த்ராட்டிலின் தட்டை விரலால் தள்ளித் திறக்கக் கூடாது, உள்ளே இருக்கும் பல் சக்கரம் போய்விடும். சுத்தம் செய்தபின் ஐட்லிங் ஏறி நின்றால், பல வண்டிகளில் ஸ்கேனர் வழியாக ஐட்ல் ரீலேர்ன் (இசியூவுக்கு ஐட்லிங்கை மறுபடி பழக்குவது) செய்தால் சரியாகிவிடும்.

செக் இன்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னினால் மட்டும் காத்திருக்காதீர்கள். அது கடுமையான மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.

அப்புறம், பிரேக்கை மிதித்துப் பிடிக்கும்போது மட்டும் ‘உஸ்’ என்று சத்தம் வந்து ஐட்லிங் மாறுகிறதா? பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் தகடு (டயஃப்ரம்) கிழிந்திருக்கலாம். பெடல் கல்லாகிவிடும் அபாயம் இருப்பதால், அந்த வண்டியை ஓட்டாமல் அன்றைக்கே பட்டறைக்கு இழுத்துவரச் சொல்லிவிடுவேன்.